கறுப்புத் திரையா, மவுஸா? மண்டபம் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் அதே மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ். இரண்டிலுமே ஓரமாக ஒரு கறுப்பு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். பிரிண்டுக்குக் காத்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் போவதில்லை. வருஷக்கணக்கில் அதே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைப் பெயர்களை வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு ஜன்னல் என்ன அண்ணே? ஹேக்கிங்கா?

இல்லை. சினிமாக்காரர்கள் செய்த வேலை, அதைப் பார்த்தாலே திருட்டுத்தனம் என்று தோன்றுகிறது. அதற்கு டெர்மினல் என்று பெயர். கட்டளை வரி, கமாண்ட் லைன் என்றும் சொல்வார்கள்.

டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வடையைக் கைகாட்டி “அதுல ரெண்டு” என்று வாங்குகிறீர்கள் அல்லவா, அது மவுஸ் வழி. கண்ணுக்குத் தெரிவதைச் சுட்டினால் போதும், பெயர்கூடத் தெரிய வேண்டாம். “ரெண்டு டீ, ஒண்ணு ஸ்ட்ராங்கா, ஒண்ணு சக்கரை கம்மியா, ரெண்டும் பார்சல்” என்று ஒரே மூச்சில் சொல்வது கட்டளை வழி. இதைக் கைகாட்டி வாங்க முடியாது. சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் நின்ற இடத்திலிருந்தே வேலை முடிந்துவிடும்.

இது பழைய காலத்து முறைதானே? மவுஸ் வந்தபிறகு இன்னும் எதற்கு?

பழையதுதான். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் கையில் பிறந்தது. அந்தக் காலத்தில் திரையே கிடையாது. தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒரு டெலிடைப்பில் தட்டுவார்கள், பதிலும் காகிதத்திலேயே அச்சாகி வரும். விநாடிக்குப் பத்து எழுத்துதான் ஓடும். அதனால்தான் எல்எஸ் (பட்டியல் காட்டு), சிபி (நகல் எடு), ஆர்எம் (அழி) என்று கட்டளைகளுக்கு இரண்டெழுத்துப் பெயர். கஞ்சத்தனமாகப் பேசும் மீன் தரகர் மாதிரி.

மவுஸும் அப்படியொன்றும் புதியதல்ல. டக்ளஸ் எங்கல்பார்ட் அதை மேடையில் இயக்கிக் காட்டியது 1968 டிசம்பரில். அதை வைத்து, திரையில் படம் காட்டும் முழுக் கம்ப்யூட்டரைச் செய்து பார்த்தது ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வகம், 1973-இல். ஆமாம், நம் ஊரில் நகல் கடைக்கே பெயராகிப்போன அதே ஜெராக்ஸ். பொதுமக்கள் கைக்கு அது பரவலாக வந்தது 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்த பிறகு. ஆக, இரண்டும் ஏறக்குறைய ஒரே வயசு. ஒன்று இன்னொன்றைத் துரத்திவிட்டது என்பது சரியில்லை. மவுஸுக்கு மவுசு கூடியது, கட்டளை பின்கட்டுக்குப் போனது, அவ்வளவுதான்.

ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள், பார்ப்போம்.

சரி. போன வருஷம் ஒரு டியூஷன் சென்டரிலிருந்து 132 பிள்ளைகளின் போட்டோவைப் பென்டிரைவில் கொண்டு வந்தார்கள். அடையாள அட்டைக்கு. எல்லாம் போனில் எடுத்தது. ஒவ்வொன்றும் 3, 4 எம்பி. அட்டை அடிக்கும் மென்பொருளுக்குச் சின்னப் படம்தான் வேண்டும்.

மவுஸ் வழியில் ஒரு படத்தைத் திறந்து, அளவைக் குறைத்து, வேறு பெயரில் சேமித்து மூடக் குறைந்தது ஒரு நிமிஷம். 132 படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். நடுவில் கூட்டம் வந்தால் எதுவரை முடித்தோம் என்பதே மறந்துவிடும்.

இமேஜ்மேஜிக் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அதில் மோக்ரிஃபை என்ற கட்டளை. “மோக்ரிஃபை, எந்த ஃபோல்டரில் போடவேண்டும், 600-க்கு 800-க்குள் அடக்கு, இங்கிருக்கும் நட்சத்திரம் புள்ளி ஜேபிஜி எல்லாவற்றையும்” என்று ஒரே வரி. நட்சத்திரம் என்றால் ‘எந்தப் பெயராக இருந்தாலும்’ என்று அர்த்தம். தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். முடிந்திருந்தது.

எண்ணிப் பார்த்தால் 119 படம்தான் இருந்தது. பதின்மூன்றைக் காணோம். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதின்மூன்றும் வேறு கேமராவில் எடுத்தவை, ஃபைல் பெயரின் முடிவில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. நான் சின்ன எழுத்தைச் சொன்னேன், அது சின்ன எழுத்தை மட்டும் எடுத்தது. பெரிய எழுத்தில் இன்னொரு தடவை தட்டியதும் மீதியும் வந்துவிட்டது.

கட்டளையின் குணமே இதுதான். சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

அப்போ எல்லா வேலையையும் அதிலேயே செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். காதுகுத்து அழைப்பிதழில் பிள்ளையார் படத்தை நூலளவு இடது பக்கம் நகர்த்துவதற்கு எவனாவது கட்டளை எழுதுவானா? கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிற வேலை முழுக்க மவுஸுக்குச் சொந்தம். அழைப்பிதழ், ஃபிளெக்ஸ், போட்டோவில் முகம் வெளுப்பாக்குவது, ஆன்லைன் படிவம் நிரப்புவது, டிக்கெட் எடுப்பது எல்லாம் அதில் சேரும். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலையும் அப்படித்தான். அதற்கு ஒரு கட்டளையைத் தேடிப் படிக்கிற நேரத்தில் கிளிக் செய்து முடித்துவிடலாம்.

ஒரே வேலை வாரா வாரம் வருகிறதா, ஐம்பது நூறு ஃபைலுக்கு ஒரே மாதிரி செய்யவேண்டுமா, அப்போது கறுப்புத் திரைக்குப் போங்கள். என் கடையில் கணக்குப் பார்த்தால் பத்தில் எட்டு வேலை மவுஸில்தான் நடக்கிறது. மீதி இரண்டு வேலைதான் முன்பு பாதி நாளைத் தின்றுகொண்டிருந்தது.

போனில் வழி சொல்வதற்கு எது எளிது?

இதை யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் கட்டளையின் பெரிய லாபமே இதுதான்.

கீழக்கரையில் ஒரு பெரியவர், மகன் துபாயில். வீட்டு பிரிண்டர் சிக்கிக்கொண்டால் மகன் போனில் வழி சொல்வார். “வாப்பா, கீழே இடது மூலையில ஒண்ணு இருக்கும், அதை அமுக்குங்க.” “எதுப்பா, இந்த நீலமா?” “நீலம் இல்ல வாப்பா, அதுக்குப் பக்கத்துல.” அரை மணி நேரம் ஓடும். இருவருக்கும் கோபம்தான் மிச்சம். மகன் பார்க்கும் திரையில் ஒரு மாதிரி இருக்கும், இங்கே வேறு மாதிரி இருக்கும். அப்டேட் வந்தால் பட்டனே இடம் மாறிவிடும்.

கிளிக்கை எழுதி அனுப்ப முடியாது. கட்டளையை எழுதி அனுப்பலாம். அச்சுக்குப் போன வேலை வரிசையில் சிக்கிக்கொண்டு, அழிக்கவும் முடியாமல் நிற்கும் அல்லவா, விண்டோஸில் அதற்கு மூன்று வரி போதும். “நெட் ஸ்டாப் ஸ்பூலர்” என்பது வரிசையைக் கவனிக்கும் ஆளை நிறுத்துகிறது. நடு வரி, சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஸ்பூல் ஃபோல்டரின் பிரிண்டர்ஸ் உள்ஃபோல்டரில் தேங்கிய ஃபைல்களை அழிக்கிறது. “நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்” மறுபடி ஆளை உட்கார வைக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த திரையில் தட்டவேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும்.

என் கடையில் இந்த மூன்று வரியையும் நோட்பேடில் எழுதி, பேட்ச் ஃபைலாக (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) சேமித்து, டெஸ்க்டாப்பில் “பிரிண்டர் மக்கர்” என்று பெயர் வைத்து விட்டேன். கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. வலது கிளிக், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு, முடிந்தது. கட்டளை என்னுடையது, கிளிக் அவருடையது. கட்டளையா மவுஸா என்ற சண்டைக்கே அங்கு இடமில்லை.

படகு ஜிபிஎஸ்ஸில் இருக்கும் பார்களை (மீன் கிடைக்கும் கடலடிப் பாறை இடங்களை) எல்லாம் புது மெஷினுக்கு மாற்ற முடியுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தினம் வரும் கேள்வி இது. படகு கரையில் கிடக்கும், இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அப்போதுதான் நேரம்.

மெஷினிலிருந்து ஜிபிஎக்ஸ் என்ற வடிவில் ஃபைல் எடுக்க முடிந்தால் வேலை சுலபம். அது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில்கூடத் திறக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் மாறும்போது ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தரும். அதற்கு ஜன்னல் முகமும் உண்டு, கட்டளை முகமும் உண்டு. ஒரு படகுக்கு என்றால் ஜன்னலிலேயே செய்துகொள்ளுங்கள்.

சிக்கல் வருவது நோட்டுப் புத்தகத்தில். பழைய ஆட்கள் பார் இருக்கும் இடங்களைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். 9 டிகிரி 17.4 நிமிஷம் என்று இருக்கும். கம்ப்யூட்டர் கேட்பது தசமத்தில். அவசரத்தில் 9.174 என்று அடித்துவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம் என்பதால் 17.4-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். 0.29 வரும், ஆக 9.29 என்பதே சரி. பார்க்கச் சின்ன வித்தியாசம். கடலில் ஏறக்குறைய ஏழு கடல் மைல். பாரைத் தேடிப் போனவர் வெறும் மணலில் வலை விடுவார்.

கையால் ஒவ்வொன்றாக அடித்தால் இரண்டொரு இடம் தப்பும். சூத்திரம் எழுதி இருநூறு இடத்தையும் மொத்தமாக மாற்றினால், ஒன்று எல்லாமே சரியாக வரும், அல்லது எல்லாமே தப்பாக வரும். அதனால் நான் முதல் வரியில் எப்போதும் மண்டபம் ஜெட்டியை (படகுத்துறையை) போட்டுவிடுவேன். மாற்றிய பிறகு வரைபடத்தில் ஜெட்டி ஜெட்டியில் இருந்தால் மீதியை நம்பலாம். ஜெட்டி கடலுக்குள் போயிருந்தால் சூத்திரத்தைத் திருத்தவேண்டும்.

அப்புறம், அந்த ஃபைலை என் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும் ஊரில் எது உதவும்?

பெரிய ஃபைல் பாதி இறங்கியிருக்கும்போது நெட் அறுந்தால் பிரவுசர் சில நேரம் விட்ட இடத்திலிருந்து தொடரும், பல நேரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். லினக்ஸில் டபிள்யூகெட் என்ற கட்டளைக்குப் பின்னால் கோடு போட்டு சி என்று சேர்த்தால், இறங்கிய பாதியை வைத்துக்கொண்டு மீதியை மட்டும் இழுக்கும். அந்தப் பக்கத்து சர்வர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் கொடுக்கும். விண்டோஸ் 10-இல் 2018-லிருந்து கர்ல் என்ற கட்டளை உள்ளேயே வருகிறது, அதுவும் இந்த வேலையைச் செய்யும்.

உப்புக்காற்றையும் இங்கே சொல்லவேண்டும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே துருவோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது, 150 ரூபாய் மவுஸ் எம்மாத்திரம்? ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை விழும். திறக்கச் சொன்னது மூடும். அப்படி மவுஸ் மண்டையைப் போட்ட நாளில் கீபோர்டு தெரிந்தவர் கடையைத் திறந்து வைத்திருப்பார்.

கட்டளை எல்லாம் மனப்பாடம் ஆகாது. நடுவழி ஏதும் உண்டா?

உண்டு, உங்களில் பலர் ஏற்கெனவே அதில்தான் போகிறீர்கள். டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த கருவாட்டு வியாபாரிகளைப் பாருங்கள். எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை. மவுஸைத் தொடவே மாட்டார்கள். ஜன்னலில் இருந்துகொண்டே கட்டளை போடுவதுதான் அது.

தமிழில் கட்டளை போட முடியுமா? தமிழ் ஃபைல் பெயர் வேலை செய்யுமா?

கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஃபைல் பெயர் தமிழில் இருக்கலாம், நகல் எடுக்கலாம், தேடலாம், எல்லாம் நடக்கும். ஆனால் பார்க்கத்தான் சகிக்காது. டெர்மினல் திரை கட்டம் போட்ட நோட்டு மாதிரி, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. கொம்பும் காலும் போட்டு எழுதுகிற ‘கொ’ அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் பிய்ந்து நிற்கும். சில டெர்மினல்களில் பரவாயில்லை, சிலவற்றில் படிக்கவே முடியாது. இந்த விஷயத்தில் மவுஸ் பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

நீளமும் கவனிக்க வேண்டும். ‘ராமநாதபுரம்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண்முறையான யூனிகோடு கணக்கில் பதினொரு குறி, டிஸ்க்கில் 33 பைட். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்த அழைப்பிதழ் ஃபைல், லினக்ஸ் பக்கம் வந்ததும் “பெயர் ரொம்ப நீளம்” என்று ஏற மறுக்கும். குலதெய்வத்தின் முழுப்பெயர், ஊர், தேதி எல்லாம் ஃபைல் பெயரில் வைப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் தனிக்கதை. அங்கே ‘தமிழ்’ என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. லினக்ஸ் டெர்மினலிலும் விண்டோஸின் பவர்ஷெல் என்ற கறுப்புத் திரையிலும் அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்தது என்று அர்த்தம். பாமினி வாக்கியத்தைக் கொண்டுபோய் அங்கே ஒட்டினால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வாக்கியத்தை வெட்டி, துண்டு துண்டாக ஓட்டப் பார்க்கும். நான் ஒட்டிப் பார்த்திருக்கிறேன். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

தப்பாகத் தட்டிவிட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, “தெரியாத கட்டளை” என்று திட்டும். அழிக்கிற கட்டளைகளில்தான் பயம்.

லினக்ஸில் ஆர்எம் என்றால் அழி. ரீசைக்கிள் பின் கிடையாது, “நிச்சயமா?” என்ற கேள்வியும் பெரும்பாலும் கிடையாது. ஒரு நாள் ராத்திரி, டிஎம்பி என்று முடியும் குப்பை ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தேன். நட்சத்திரம் புள்ளி டிஎம்பி என்று சேர்த்து அடிக்கவேண்டும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் கட்டைவிரல் பட்டு ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனி நட்சத்திரம் என்றால் ‘எல்லாம்’. அந்த ஃபோல்டரில் இருந்த அழைப்பிதழ் டிசைன் முழுக்க ஒரு விநாடியில் போனது. கடைசியில் “புள்ளி டிஎம்பி என்று ஃபைல் எதுவும் இல்லையே” என்று ஒரு வரி வேறு. போன வாரத்துப் பென்டிரைவ் நகல் இருந்ததால் பிழைத்தேன். அந்த வாரத்து வேலையை மட்டும் மறுபடி செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

இப்போது அழிப்பதற்கு முன் அதே வரியை எல்எஸ் போட்டு ஓட்டுவேன். அது பட்டியல் மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் எல்எஸ்ஸை ஆர்எம் ஆக்குவேன். விண்டோஸில் நகல் எடுக்க ரோபோகாப்பி அருமையான கட்டளை. ஆனால் அதன் எம்ஐஆர் தெரிவு, மூலத்தில் இல்லாததை எல்லாம் சேரும் இடத்தில் அழித்துவிடும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் மாற்றிப் போட்டால், காலிப் பென்டிரைவைப் பார்த்து உங்கள் ஃபோல்டரும் காலியாகிவிடும்.

ஏதோ ஒரு சைட்டில் “நான் ரோபோ இல்லை” என்று நிரூபிக்க ஒரு வரியை ஒட்டச் சொல்கிறது. ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் அமுக்கு, கன்ட்ரோல் வி அமுக்கு, என்டர் தட்டு என்று எந்தச் சைட் சொன்னாலும் அது திருட்டுதான். நீங்கள் பார்க்காமலேயே ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்து, உங்கள் கையாலேயே அதை ஓட்ட வைக்கிறார்கள். பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். 2024-லிருந்து இது நிறையப் பரவியிருக்கிறது. உண்மையான சோதனை எதுவும் பிரவுசரை விட்டு வெளியே வரச் சொல்லாது.

தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் ஒருமுறை படித்துவிட்டு ஒட்டுங்கள். சில போன்கள் இரட்டைக் கோட்டை ஒரே நீளக் கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் மாற்றிவிடும். அப்புறம் கட்டளை ஓடாது, அனுப்பியவரைத் திட்டுவோம்.

ஏஐ கேட்டால் கட்டளை எழுதித் தருகிறதே, நாம் ஏன் படிக்கவேண்டும்?

எழுதித் தருகிறது, நானும் கேட்கிறேன். ஆனால் அது என் ஃபோல்டரைப் பார்த்ததில்லை. ஜேபிஜி பெரிய எழுத்தில் கிடந்தது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று அதையே கேட்டுவிட்டு, நகல் ஃபோல்டரில் ஓட்டிப் பாருங்கள்.

கறுப்புத் திரைக்கு லினக்ஸ் போட்டே ஆகவேண்டுமா?

இல்லை. விண்டோஸில் சிஎம்டியும் பவர்ஷெல்லும் இருக்கின்றன. லினக்ஸ் போட்டாலும் டெர்மினலைத் தொடாமலே காலம் தள்ளலாம், அதுவும் ஜன்னலும் மவுஸுமாகத்தான் வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்ற பிறகு, அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். இலேசான லினக்ஸ் ஏதாவது போட்டால் பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்க இன்னும் சில வருஷம் ஓடும்.

எனக்கு 55 வயசு. இனிமேல் வருமா?

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாஸ் பண்ணியவரா? உங்களுக்குத்தான் முதலில் வரும். என்னிடம் வேகமாகக் கற்றுக்கொண்டவர் ரிட்டயர் ஆன ஒரு கிளார்க். மவுஸைப் பிடித்தால் கை நடுங்கும், கீபோர்டில் பார்க்காமல் அடிப்பார். முதல் வாரம் நாலே நாலு கட்டளை: எங்கே இருக்கிறேன், இங்கே என்ன இருக்கிறது, வேறு ஃபோல்டருக்குப் போ, நகல் எடு. அழிக்கிறதைக் கடைசி வாரம் சொல்லித் தருவேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, வாருங்கள். காசு வேண்டாம், பென்டிரைவ் கொண்டு வாருங்கள். அதில் இருப்பதை வீட்டில் வேறு எங்காவது நகல் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.